உப்புக்காற்றில் ஒரு டிஸ்க் பிறேக்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான எழுவைதீவில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஓடுவதற்கு அதிக தூரம் கிடையாது. இறங்குதுறை, வீடு, கடை, கோயில், பள்ளிக்கூடம், கரையில் வாடி. இவ்வளவுதான் அதன் வட்டாரம். நிலமும் தட்டை. ஏற்ற இறக்கமில்லை, நெரிசலில்லை, பிறேக்கை அடித்துப் பிடிக்க வேண்டிய தேவையும் குறைவு. கொழும்பு நெரிசலில் சீக்கிரம் தேய்ந்துவிடும் ஒரு சோடி பிறேக் பாட்ஸ் இங்கே பல வருடம் தாங்க வேண்டும். ஆனால் சிறு தீவுகளில் முன்பிறேக் கெடும் விதமே வேறு. பாட்ஸில் தடிப்பு மிச்சமிருக்கும், அதைத் தாங்கும் கலிப்பர் இறுகிப்போயிருக்கும்.

காரணம் கடல். எழுவைதீவில் எங்கே நின்றாலும் கடல் ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. வண்டியை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் படகில் ஏற்ற வேண்டும். படகோரத்தில் அடிக்கும் அலைத்தூறல் சில்லு, செயின், கலிப்பர் எதையும் விட்டுவைப்பதில்லை. அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியும் அப்படித்தான். சோழகம் வீசும் மாதங்களில் இந்தத் தாம்போதிகளைக் கடந்துவரும் வண்டியில் உப்புப் படியாத இடம் இருக்காது.

இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பிறேக்கைப் பார்க்கச் சொல்கிறது வண்டியோடு வரும் கையேடு. தீவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இங்கே பிறேக்கின் ஆயுளைத் தீர்மானிப்பவை உப்பும் ஈரமும் வண்டி சும்மா நின்ற நாட்களும். இதை விளங்கிக்கொண்டவர், வீட்டு முற்றத்திலேயே, கையிலிருக்கும் சில சாமான்களோடு, பிறேக்கை நல்ல நிலையில் வைத்திருக்கலாம். அதற்கு முதலில் அந்தப் பொறி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

விரலிலிருந்து டிஸ்க் வரை

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்று காட்டியவர் பிளேஸ் பஸ்கால் என்ற பிரெஞ்சு அறிஞர். அவருடைய நூல் அவர் இறந்த மறுவருடம், 1663இல் வெளிவந்தது. டிஸ்க் பிறேக் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

ஒரு சாதாரண வண்டியைக் கணக்குக்கு எடுப்போம். ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு இரண்டு விரலால் பிறேக் லீவரைப் பிடிக்கிறோம். நெம்புகோலாக வேலை செய்யும் லீவர் அதை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கி, கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனின் விட்டம் 11 மில்லிமீற்றர், கலிப்பரில் இருக்கும் பிஸ்டனின் விட்டம் 33 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவில் வித்தியாசம் ஒன்பது மடங்கு. ஐந்தும் ஒன்பதும் பெருக நாற்பத்தைந்து. விரலில் ஐந்து கிலோவாகத் தொடங்கிய விசை பாட்ஸின் முதுகில் ஏறத்தாழ 225 கிலோ எடை ஏறி அமர்ந்த அழுத்தமாகிறது.

பெரும்பாலான சிறிய வண்டிகளில் கலிப்பரின் ஒரு பக்கத்தில்தான் பிஸ்டன் இருக்கும். அது உட்பக்கப் பாட்ஸை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. அதற்கு எதிர்விசையாகக் கலிப்பரின் உடல் முழுவதும் மறுபக்கம் நகர்ந்து, வெளிப்பக்கப் பாட்ஸையும் இழுத்துவந்து டிஸ்க்கைக் கவ்வுகிறது. இந்த நகர்வுக்காகவே கலிப்பரை இரண்டு வழுக்கு ஊசிகளில் மாட்டியிருக்கிறார்கள். பின் என்று கராஜ்களில் சொல்வது இதைத்தான். ஊசி வழுக்கினால்தான் இரண்டு பாட்ஸும் சமமாக வேலை செய்யும்.

பிடித்த பிறகு நடப்பது சக்தி மாற்றம். வண்டியும் ஓட்டுபவருமாக 200 கிலோ, வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால், இயக்கசக்தி ஏறத்தாழ 12 கிலோயூல். நிற்கும்போது அதில் பெரும்பங்கு டிஸ்க்கிலும் பாட்ஸிலும் வெப்பமாகிறது. அத்தனையும் ஒரு கிலோ எடையுள்ள உருக்கு டிஸ்க்குக்குள் போனால் அதன் வெப்பநிலை இருபத்தைந்து பாகை செல்சியஸ் அளவில் கூடும். தீவின் ஓட்டத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மலைநாட்டு இறக்கத்தில் பிறேக்கைச் சூடு கொல்லும். இங்கே கொல்வது உப்பு.

பிஸ்டன் திரும்பி வருவது எப்படி?

லீவரை விட்டதும் பாட்ஸ் டிஸ்க்கிலிருந்து விலக வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கக் கலிப்பருக்குள் ஸ்பிறிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஒரு றப்பர் வளையம்.

கலிப்பரின் உட்சுவரில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் சதுர வெட்டுமுகம் கொண்ட சீல் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அது பிஸ்டனை இறுக்கமாகப் பிடித்தபடி இருக்கும். அழுத்தம் வந்து பிஸ்டன் முன்னே நகரும்போது சீல் வழுக்குவதில்லை. பிஸ்டனோடு சேர்ந்து சற்று முறுகி வளைகிறது. அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்கு மீளும்போது பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு பின்னே வருகிறது. வருகிற தூரம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு. சில்லு உரசாமல் சுற்ற அந்த மயிரிழை இடைவெளி போதும்.

இதே சீல் இன்னொரு வேலையும் செய்கிறது. பாட்ஸ் தேயத் தேய, பிஸ்டன் முன்னைவிடச் சற்றுக் கூடுதலாக வெளியே வர வேண்டும். வளையும் எல்லையைத் தாண்டும்போது பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி, புதிய இடத்தில் நிலைகொள்ளும். டிஸ்க் பிறேக்கைத் திருகி இறுக்கிச் சரிசெய்ய வேண்டிய தேவை இல்லாதது இதனால்தான். பிஸ்டன் வெளியே வந்த அளவுக்குப் பின்னால் இடம் கூடுவதால், கைப்பிடியில் இருக்கும் கிண்ணத்தில் பிறேக் ஒயில் மட்டமும் மெல்ல இறங்கும். மட்டம் குறைந்ததைக் கண்டவுடன் ஒயில் ஊற்றக் கூடாது. முதலில் பாட்ஸின் தடிப்பைப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது.

ஆக, டிஸ்க் பிறேக் விட்டுப் பிடிப்பது மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: பிஸ்டனின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது, சீலின் றப்பர் மீளும் தன்மை கெடாதது, ஊசிகள் வழுக்குவது. மூன்றையும் உப்பு தாக்கும்.

உப்பு செய்யும் வேலை

காற்று அலையின் தலையை உடைக்கும்போதும், நுரைக் குமிழ்கள் வெடிக்கும்போதும் நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியாக, உப்புத் துகள் மிஞ்சி எங்காவது படிகிறது. படிந்த உப்பு காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதனே போதும். யாழ்ப்பாணத் தீவுகளின் இரவுக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் மழையே பெய்யாத ஆடி மாதத்திலும், கொட்டிலுக்குள் நிற்கும் வண்டியின் கலிப்பர் ஒவ்வொரு இரவும் உப்புநீரில் நனைகிறது.

கலிப்பரின் உடல் அலுமினியக் கலப்புலோகம். சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம் ஒன்று அலுமினியத்தை எப்போதும் மூடிக் காக்கிறது. குளோரைட்டு அயன்கள் அந்தப் படலத்தில் ஓட்டை போடும். ஓட்டை விழுந்த இடத்தில் குழி விழுந்து, வெண்ணிறப் பொடி பூக்கும். இந்தப் பொடி, தான் உருவான உலோகத்தைவிடக் கூடிய இடத்தை அடைக்கும். வெளிப்புறத்தில் பூத்தால் அழகு கெடும், அவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றித் தூசியைத் தடுக்கும் சீல் பதிந்திருக்கும் பள்ளத்துக்குள் பூத்தால் கதை வேறு. பொடி சீலைப் பின்னாலிருந்து தள்ள, சீல் பிஸ்டனை நெரிக்கும். பிஸ்டன் திரும்பி வராது. பாட்ஸ் டிஸ்க்கோடு உரசியபடியே இருக்கும். கடலோர ஊர்களில் இறுகிப்போன கலிப்பரைக் கழற்றினால், கெட்டுப்போனது பிஸ்டன் என்று எண்ணுவோம். குற்றவாளி பல நேரம் பள்ளத்துக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பொடிதான்.

பிஸ்டன் பெரும்பாலும் குரோம் பூசிய உருக்கு. கடினக் குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் இறங்கி, பூச்சுக்கு அடியில் துரு பிடிக்கும். பிறகு பூச்சு சிறு சிறு புள்ளிகளாக உதிரும். அந்தக் குழிகளின் விளிம்பு ஒவ்வொரு பிடிப்பிலும் சீலைச் சுரண்டும்.

பாட்ஸின் முதுகும் உருக்குத் தகடுதான். தகட்டுக்கும் அதில் ஒட்டிய உராய்வுப் பொருளுக்கும் இடையே துரு புகுந்தால், அது பருத்து உராய்வுப் பொருளை மேலே நெம்பும். பாட்ஸின் ஓரத்தில் மெல்லிய கோடுபோல ஒரு விரிசல் தெரிந்தால், எவ்வளவு தடிப்பு மிச்சமிருந்தாலும் அந்தச் சோடியை எறிந்துவிட வேண்டும். ஓடும்போது அது முழுதாகப் பிரிந்து விழக்கூடியது.

இவற்றோடு, இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் இருப்பதால் வரும் கேடும் உண்டு. அந்த நிலையில் அவை ஒரு சிறு மின்கலமாகி, இரண்டில் வலுக்குறைந்த உலோகம் கரையத் தொடங்கும். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத்தகடுகள் அரிக்கப்படுவதைத் தடுக்க, ஹம்ப்ரி டேவி 1824இல் நாகத்தையும் இரும்பையும் பலிகொடுக்கும் முறையைக் காட்டினார். இன்று தீவுக் கடற்றொழிலாளர்களின் படகு எஞ்சின்களில் பூட்டியிருக்கும் நாகத் துண்டு அதே அறிவுதான். மோட்டார் சைக்கிளின் கலிப்பரில் அப்படி ஒரு துண்டு கிடையாது. உருக்குப் போல்ட்டும், காற்றை வெளியேற்றும் நிப்பிளும் அலுமினிய உடலில் திருகியிருக்கின்றன. கரைவது கலிப்பரின் மரைதான். வருடக்கணக்கில் தொடாத நிப்பிள் திறக்கும்போது முறிந்து கையோடு வருவது இதனால்.

மண்ணெண்ணெய்ப் பழக்கம்

டிஸ்க் பிறேக் பழையதொரு எண்ணம். 1902இல் பிரித்தானியப் பொறியியலாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெருந்தொகையாகத் தயாரித்த மோட்டார் சைக்கிளில் முன்சில்லுக்கு நீரழுத்த டிஸ்க் பிறேக் வந்தது 1969இல், ஹொண்டா சி.பி.750 வண்டியில். யாழ்ப்பாணத்தின் தெருக்களில் நீண்டகாலம் ஆட்சி செய்தவை டிரம் பிறேக் வண்டிகள். எம்.டி.90 வண்டியை மறந்தவர் இருக்க முடியாது. 2009க்குப் பிறகுதான் பல்சர், அப்பாச்சி போன்ற, முன்சில்லில் டிஸ்க் பூட்டிய வண்டிகள் நிறைந்தன.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது. கார்பரேற்றரில் சிறிது பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பொருள் இல்லாத காலத்தில் பொறியை உயிரோடு வைத்திருந்த அந்தக் கைத்திறன் பெருமைக்குரியது. செயின், எஞ்சின் உறுப்புகள் எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கமும் அப்போது வேரூன்றியது. டிரம் பிறேக் கம்பியால் இழுபடுவது. கெடுவதற்கு அதில் நீரழுத்தச் சீல் இல்லை. டிஸ்க் பிறேக்கில் அந்தப் பழக்கம் ஆபத்து.

காரணம் வேதியியல். பிறேக் ஒயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கோல் வகைச் சேர்மங்களின் கலவை. நீரைப்போலவே மூலக்கூறில் முனைவுத்தன்மை உள்ளது. அதைத் தாங்குவதற்கென்று எத்திலீன் புரொப்பிலீன் வகை றப்பரில் சீல் செய்கிறார்கள். இந்த றப்பர் முனைவுத்தன்மை இல்லாதது. அதனால் கிளைக்கோலை உள்ளே விடாது. தன் இனமான பெற்றோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். உறிஞ்சிய சீல் பருத்துப் பிஸ்டனை இறுக்கும். மீளும் தன்மையும் போய்விடும். கழுவிய அன்று பிறேக் நன்றாகத்தான் இருக்கும். சில நாள் கழித்துச் சில்லு இறுகும். ஆகவே கலிப்பரில் றப்பர் உள்ள இடங்களுக்குச் சவர்க்காரத் தண்ணீர், பிறேக் கிளீனர், புதிய பிறேக் ஒயில், சிலிக்கோன் கிறீஸ் ஆகிய நான்கையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முற்றத்தில் செய்யும் வேலை

வண்டியை மையத் தாங்கியில் நிறுத்துங்கள். நிலம் மணலென்றால் அடியில் ஒரு பலகை வையுங்கள். முன்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப்பாருங்கள். லேசான உரசல் ஒலியோடு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் கலிப்பர் விடுகிறது. சுற்றிவிட்ட உடனே நின்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது.

பாட்ஸைத் தாங்கும் கம்பியை, கலிப்பர் வண்டியில் பூட்டியிருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள். கழற்றிய பிறகு அதைத் திறக்கப் பிடிமானம் இருக்காது. பிறகு கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். கழன்ற கலிப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது. ஒரு கயிற்றால் கைப்பிடியில் கட்டித் தூக்கிவிடுங்கள். பாட்ஸை எடுப்பதற்கு முன், தகடுகளும் ஸ்பிறிங்கும் எந்தப் பக்கம் எப்படி இருக்கின்றன என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பாட்ஸை எடுத்தவுடன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கலிப்பர் ஆரோக்கியம். ஒன்று தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும் இருந்தால், அல்லது ஒரே பாட்ஸ் ஒரு முனையில் தேய்ந்து ஆப்பு வடிவில் இருந்தால், ஊசியோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. அந்த நிலையில் புதிய பாட்ஸ் போடுவது மட்டும் பரிகாரமாகாது. புதியதும் அப்படியே தேயும். முகம் கண்ணாடிபோல மினுங்கினால் சூட்டில் பிசின் மேலெழுந்து உறைந்திருக்கிறது. எண்ணெய் பட்ட பாட்ஸ் எந்தக் கழுவலுக்கும் திருந்தாது. பாட்ஸின் நடுவில் வெட்டியிருக்கும் பள்ளம் மறையும் தறுவாயில் இருந்தால், அல்லது உராய்வுப் பொருள் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பாட்ஸ் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பாட்ஸ்களில் கல்நார் கலப்பது உலக வழக்கமாக இருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. எதனால் செய்தது என்று தெரியாத பாட்ஸின் தூசியை நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு.

இனி முக்கியமான கட்டம். புதிய பாட்ஸ் தடிப்பானது. அது உள்ளே போக வேண்டுமென்றால் வெளியே வந்திருக்கும் பிஸ்டனைத் தள்ளி உள்ளே விட வேண்டும். அழுக்கோடு தள்ளுவதுதான் கலிப்பர்களின் சாவுக்கு வழி. இத்தனை காலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிஸ்டனின் பக்கச்சுவரில் உப்பும் தூசியும் துருவும் ஒட்டியிருக்கும். அப்படியே தள்ளினால் அத்தனையும் சீலுக்கு அடியில் போய் அமரும்.

பாட்ஸ் இருந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, லீவரை மிக மெதுவாக ஓரிரு தரம் பிடியுங்கள். பிஸ்டன் இன்னும் சில மில்லிமீற்றர் வெளியே வரும். மரத்துண்டு அது முழுதாக வெளியே விழாமல் தடுக்கும். பழைய பல் துலக்கும் பிறஸ்ஸைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, பிஸ்டனைச் சுற்றி, பின்பக்கமும் படும்படி தேயுங்கள். ஒரு பழைய துணிக்கீற்றைப் பிஸ்டனைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்தால் பிறஸ் எட்டாத இடமும் துலங்கும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். குரோம் முழுதாக மினுங்கினால், புதிய பிறேக் ஒயிலை விரலில் தொட்டு மெல்லிதாகத் தடவி, பெருவிரல்களால் நேராகத் தள்ளுங்கள். ஆரோக்கியமான பிஸ்டன் கையழுத்தத்துக்கே உள்ளே போகும். போகவில்லையென்றால் பழைய பாட்ஸை மேலே வைத்துச் சீ கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தலாம். அதற்கும் அசையாத பிஸ்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது பள்ளத்துப் பொடியின் அறிகுறி. கலிப்பரைப் பிரித்துச் சீல் மாற்ற வேண்டும்.

பிஸ்டன் உள்ளே போகும்போது ஒயில் கிண்ணத்தில் மட்டம் ஏறும். இடையில் யாராவது ஒயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழியும். வழிந்த ஒயில் வர்ணத்தைத் தின்னும். கிண்ணத்தைச் சுற்றித் துணி கட்டிவையுங்கள்; சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அது நீரில் கரைந்துபோகும்.

வழுக்கு ஊசிகளை உருவி எடுத்து, காய்ந்துபோன கிறீஸைத் துடைத்து, சிலிக்கோன் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஊசியின் றப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தச் சிறு உறைதான் உப்புநீருக்கும் ஊசிக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு. பூட்டியபின் கையால் தள்ளும்போது கலிப்பர் இரண்டு பக்கமும் நகர வேண்டும். பாட்ஸின் முதுகில், பிஸ்டன் தொடும் இடத்தில் மட்டும், உயர்வெப்பம் தாங்கும் செராமிக் கிறீஸைப் பொட்டளவு தடவலாம். செம்புத்துகள் கலந்த கிறீஸ் கடலோரத்தில் அலுமினியத்தின் பக்கத்தில் வேண்டாம். டேவி கண்ட மின்கலத்தை நாமே கட்டிக்கொடுப்பதாக முடியும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். பிறேக் கிளீனரால் துடைத்த பிறகு டிஸ்க்கின் முகத்தையும் புதிய பாட்ஸின் முகத்தையும் விரலால் தொடாதீர்கள். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள்.

பூட்டி முடிந்ததும், வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதற்கு முன், லீவரைப் பலமுறை பிடித்து விடுங்கள். பிஸ்டன் இப்போது உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. முதல் பிடி கைப்பிடி வரை வெறுமையாகப் போகும். லீவர் கெட்டியாகும்வரை பம்ப் பண்ணாமல் புறப்பட்டவருக்கு முதல் வளைவில் பிறேக் இருக்காது. பிறகு ஒயில் மட்டத்தைப் பார்த்து மூடுங்கள்.

புதிய பாட்ஸ் முதல் நாளே முழுப் பலத்தில் பிடிக்காது. பாட்ஸின் பொருளில் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின்மேல் சமமாகப் படிய வேண்டும். அதற்குப் பிறகுதான் உராய்வு நிலையாகும். முப்பது நாற்பது வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து வேகத்தைக் குறைப்பதை இருபது முப்பது தரம், இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். எழுவைதீவின் ஆளரவமற்ற தெருக்கள் இதற்கு வாய்ப்பானவை. மணல் படிந்த இடத்தில் மட்டும் முன்பிறேக்கில் கவனம் வேண்டும்.

ஒயிலும் வயதும்

கிளைக்கோல் வகை ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகையின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை, 3.7 வீதம் நீர் கலந்தால் 155 பாகை வரை இறங்கலாம் என்று தரவரையறை அனுமதிக்கிறது. ஒயில் கொதிக்கும் அளவுக்குத் தட்டைத் தீவில் பிறேக் சூடாகாது. ஆனால் ஊறிய நீர் மாஸ்டர் சிலிண்டரையும் கலிப்பரையும் உள்ளிருந்து அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது அதனால்தான் அவசியம். தேன் நிறத்திலிருந்து தேயிலைச் சாயத்துக்கு மாறிய ஒயில் காலம் கடந்தது. பாதி மிஞ்சிய போத்தலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்பதில் மிச்சம் எதுவும் இல்லை. திறந்த நாளிலிருந்து அதுவும் ஈரத்தைக் குடிக்கிறது.

பாட்ஸ் மாற்றுவதும் ஊசிக்குக் கிறீஸ் பூசுவதும் பிஸ்டன் துலக்குவதும் எவரும் பழகக்கூடிய வேலைகள். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால், ஒயில் கசிந்தால், லீவர் பஞ்சுபோல அமுங்கினால், வண்டி ஏ.பி.எஸ். உள்ளதாக இருந்தால், கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே சரி. குழி விழுந்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கினால் குரோம் இன்னும் போகும். மாற்றுவது ஒன்றே வழி. ஒயில் மாற்றும் வேலையை முதல் தரம் தெரிந்தவர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

நல்ல தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். சிறு தீவுகளில் அதுவே அரியது. குடிக்கத் தண்ணீர் தேடும் ஊரில் வண்டி கழுவச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீரில் 350 கிராமுக்கு மேல் கறியுப்புக் கரையும். கலிப்பரிலும் டிஸ்க்கிலும் படிந்திருப்பது அதில் மிகச் சிறிய பங்கு. வண்டி முழுவதையும் குளிப்பாட்டத் தேவையில்லை. ஒரு போத்தலின் மூடியில் துளையிட்டு, டிஸ்க் ஆறிய பிறகு, பிஸ்டனும் ஊசியுறையும் நிப்பிளும் இருக்கும் இடங்களைப் பார்த்து ஒன்றரை லீற்றரை மெதுவாக ஓடவிட்டால் போதும். கரைந்த உப்பு வழிந்தோடுவதுதான் முக்கியம். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறும், போகாது.

உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதில் பயனில்லை. காய்ந்ததும் அது தன் உப்பையே விட்டுச்செல்லும். மாரியில் கூரைநீரைப் பிடித்துவைக்கும் வீடுகளில் அதில் ஒரு போத்தல் வண்டிக்கு ஒதுக்கலாம். கழுவியபின் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி இரண்டு மூன்று தரம் பிறேக் பிடியுங்கள். நாற்பது வேகத்திலிருந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பிறக்கும் 12 கிலோயூல், கணக்குப்படி ஐந்து கிராம் அளவு நீரை ஆவியாக்கப் போதுமானது. பிறேக் தன்னைத்தானே காயவைத்துக்கொள்ளும்.

கடற்றொழிலாளர்களுக்கு இது புதிய பாடமன்று. படகின் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் விட்டால் அது எத்தனை நாள் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே மதிப்பைக் கரையில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

ஓட்டமே இல்லாத வண்டிக்குக் கேடு இன்னும் அதிகம். உரியவர் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியைப் பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்தி, வீட்டிலிருக்கும் ஒருவர் வாரம் ஒருமுறை முற்றத்தில் உருட்டி, லீவரைச் சில தரம் பிடித்துவிட்டால் பிஸ்டன் ஓரிடத்தில் ஒட்டாது.

காற்றைப் பார்த்து ஒரு அட்டவணை

இந்த வேலையை எப்போது செய்வது? தீவில் காற்றுத்தான் நாட்காட்டி. சோழகம் வைகாசியில் எழுகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒருமுறை கலிப்பரைக் கழற்றி, பிஸ்டன் துலக்கி, ஊசிக்குக் கிறீஸ் பூசினால் உப்புக்காலத்தைத் தாங்கும். வாடையும் மாரியும் ஓய்ந்து, தைப்பொங்கல் கழிந்ததும் இன்னொரு முறை. படகில் ஏற்றி இறக்கிய நாட்களிலும் தாம்போதியில் தூறல் பட்ட நாட்களிலும் ஒரு போத்தல் நல்ல தண்ணீர். ஓடோமீற்றர் என்ன காட்டினாலும் இந்த அட்டவணை மாற வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கம்வரை புதிய வண்டிகள் வராமலிருந்த வருடங்கள், இருப்பதைக் காப்பாற்றும் அவசியத்தை நாடு முழுவதற்கும் உணர்த்தின. தீவுகளுக்கு அது எப்போதும் உள்ள நிலை. எழுவைதீவில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் வந்தால், அவரை இறங்குதுறைவரை கொண்டுசேர்க்க ஒரு மோட்டார் சைக்கிள் கைகொடுக்கலாம். அதன் பிறேக் நம்பிக்கைக்குரியதாக இருப்பது ஊர் முழுவதன் பாதுகாப்பு.

ஒரு வேர்னியர், ஒரு சீ கிளாம்ப், ஒரு செட் அலன் கீ, முறுக்குவிசை காட்டும் ஸ்பனர், ஒரு குழாய் சிலிக்கோன் கிறீஸ். இவ்வளவையும் ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தின் அலுமாரியில் ஒரு பெட்டி இருந்தால் தீவு முழுவதுக்கும் போதும். வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், வேலை தெரிந்த ஒருவர் முன்னின்று காட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்கட்டும். பஸ்காலின் விதியும் றப்பரின் வேதியியலும் உலோக அரிப்பும் பாடப்புத்தகத்தில் மூன்று வெவ்வேறு அதிகாரங்களில் கிடக்கின்றன. அந்த முற்றத்தில் அவை ஒரே கலிப்பருக்குள் இருப்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தொட்டுப் படிப்பார்கள். வீட்டு வண்டியின் பிறேக்கைப் பார்த்துக்கொள்ள ஊரில் அடுத்த தலைமுறையும் உருவாகும்.